பரீட்சை எழுதப் போன சத்தியாக்கிரகி

துர்காபாயைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரு டிக்கெட்டுக் கதையைச் சொல்லுவார்கள். 1923-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் காக்கிநாடாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. மகாசபையை ஒட்டிக் கதர்க் கண்காட்சி ஒன்று. அதன் வாசலில் தொண்டராக நிறுத்தப்பட்டிருந்த பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இடப்பட்ட கட்டளை, டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடக் கூடாது என்பது. ஜவாஹர்லால் நேரு வந்தார். அவரிடம் டிக்கெட் இல்லை. பெண் வழி விடவில்லை. கண்காட்சி நடத்தியவர்கள் பதறிக்கொண்டு ஓடி வந்து அவளைக் கடிந்துகொண்டார்கள். சொன்னதைத்தானே செய்தேன் என்று அவள் நின்றாள். டிக்கெட் வந்த பிறகே நேரு உள்ளே போனார். போகும்போது அந்தப் பெண்ணை மெச்சிவிட்டும் போனார்.

நல்ல கதைதான். ஆனால் இதைச் சொல்லிச் சொல்லியே அந்த அம்மாளின் வாழ்க்கையில் இருக்கிற பெரிய கதையை நாம் மறைத்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நேருவைத் தடுத்து நிறுத்தத் துணிச்சல் இருந்தால் போதும். பத்து வருஷம் கழித்து அவர் தம்மையே தடுத்து நிறுத்திக்கொண்டார். அதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. மூன்று முறை சிறை சென்ற, மேடையில் பெயர் வாங்கிவிட்ட தேசத் தொண்டர் ஒருவர், இனி நான் படிக்கப் போகிறேன் என்று மெட்ரிகுலேஷன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபதைத் தாண்டிப் பல வருஷம் ஆகியிருந்தது.

முதலிலிருந்து பார்க்கலாம்.

துர்காபாய் 1909-ஆம் வருஷம் ஜூலை 15-ஆம் தேதி கோதாவரிக் கரையில் உள்ள ராஜமகேந்திரவரத்தில் பிறந்தார். தகப்பனார் ராமராவ், தாயார் கிருஷ்ணவேணம்மாள். அந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு எத்தனையோ எதிர்ப்புக்கும் சாபத்துக்கும் நடுவே 1881-இல் ஆந்திர நாட்டின் முதல் விதவா விவாகத்தை நடத்தி வைத்தது அங்கேதான். அப்படிப்பட்ட சீர்திருத்தம் பிறந்த ஊரிலேயே, முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் கழிந்த பிறகு, ஒரு படித்த குடும்பம் தன் பெண்ணுக்கு எட்டு வயதில் கல்யாணம் செய்து வைத்தது. சீர்திருத்தம் மேடையிலிருந்து வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர எத்தனை காலம் பிடிக்கிறது பாருங்கள்! பெண்ணின் விவாக வயது பதினான்கு என்று விதித்த சாரதா சட்டமே 1929-இல்தான் வந்தது. அப்போது துர்காபாய்க்கு இருபது வயது.

மாப்பிள்ளை சுப்பாராவ், உறவினர்தான். பெண் வயதுக்கு வந்ததும் கணவன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது அவள் மறுத்துவிட்டாள். தன் மனம் செல்கிற வழி வேறு, இந்தக் குடும்ப வாழ்க்கை தனக்கு ஒத்து வராது என்று சொன்னாள். தகப்பனாரும் சகோதரரும் அவள் பக்கம் நின்றார்கள். நம்மைப் போன்ற நாவல்காரர்கள் கையில் இந்தக் கட்டம் கிடைத்திருந்தால் கிணற்றடியும் கண்ணீருமாகப் பத்து அத்தியாயம் ஓட்டியிருப்போம். நடந்தது என்னவோ அவ்வளவு ஆர்ப்பாட்டமில்லாமல் நடந்துவிட்டது. எனினும் அந்தக் காலத்துக் கிராமணிகளும் அத்தைமார்களும் என்னென்ன பேசியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை.

பன்னிரண்டு வயதிலேயே அவள் பள்ளிக்கூடத்தையும் விட்டிருந்தாள். இங்கிலீஷில்தான் பாடம் என்று புகுத்தினார்கள். அது வேண்டாம் என்று வெளியேறினாள். வெளியேறியவள் சும்மா இருக்கவில்லை. ஹிந்தி கற்றுக்கொண்டு, ஊர்ப் பெண்களுக்கு ஹிந்தி சொல்லிக் கொடுக்கப் பாலிகா ஹிந்தி பாடசாலை என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டாள். பள்ளியை விட்ட பெண் பள்ளி நடத்துகிறாள்! மாணவிகளில் அவளைவிட வயதில் மூத்தவர்களும் இருந்தார்கள்.

1921-இல் காந்தியடிகள் காக்கிநாடாவுக்கு வந்தார். அந்தப் பக்கத்தில் தேவதாசிகள் பலர் இருந்தார்கள். கோஷாவில் அடைபட்ட முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். இவர்கள் மகாத்மாவை நேரில் பார்க்க வேண்டும், அவர் வாயால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்று இந்தச் சிறுமிக்கு ஆசை. வரவேற்புக்காரர்களிடம் போய்க் கேட்டாள். ஐயாயிரம் ரூபாய் பணமுடிப்புத் திரட்டினால் ஐந்து நிமிஷம் தருவதாகச் சொன்னார்கள். சின்னப் பெண், பணத்துக்கு எங்கே போவாள் என்று நினைத்திருப்பார்கள். தேவதாசிகளே முன்வந்து பணத்தைத் திரட்டிவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம் ஏற்பாடாயிற்று. ஐந்து நிமிஷத்துக்கு வந்த காந்திஜி அரை மணிக்கு மேல் தங்கிவிட்டார். பெண்கள் வளையல்களையும் சங்கிலிகளையும் கழற்றி அவர் முன் குவித்தார்கள். அவருடைய ஹிந்தியைத் தெலுங்கில் சொன்னவள் துர்கா. மறு கூட்டத்தில் பெரிய தலைவரான கொண்டா வேங்கடப்பய்யா மொழிபெயர்க்க எழுந்தபோது, அந்தப் பெண்ணே சொல்லட்டும் என்று காந்திஜி கேட்டுக்கொண்டார். அந்தச் சுற்றுப்பிரயாணம் முழுதும் அவளே அவருடைய குரலானாள்.

டிக்கெட்டுக் கதையைவிட எனக்கு இது உயர்வாகப் படுகிறது. ஊர்ப் பெரிய மனிதர்கள் வாசற்படிக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த பெண்களைத்தான் பன்னிரண்டு வயதில் அவளுக்கு நினைவு வந்திருக்கிறது. பிற்காலத்தில் அவர் செய்த காரியம் அத்தனையும் இந்தக் கூட்டத்திலேயே முளை விட்டிருந்ததாகச் சொல்லலாம்.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. சென்னைப் பட்டணம் அப்போது தமிழர்களுக்கும் ஆந்திரர்களுக்கும் பொதுத் தலைநகரம். ஆந்திர கேசரி பிரகாசமும், அமிர்தாஞ்சனம் நாகேசுவரராவ் பந்துலுவும் கடற்கரையில் உப்புக் காய்ச்சக் கிளம்பினார்கள். அந்தப் போரில் துர்காபாயும் முன் வரிசையில் நின்றார். கைதாகி வேலூர்ச் சிறைக்குப் போனார். 1930-க்கும் 1933-க்கும் இடையில் மூன்று முறை சிறைவாசம். கடைசி முறை மதுரைச் சிறை. அங்கே தனிக் கொட்டடி. தூக்குத் தண்டனைக் கைதிகளை அடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

தனிக் கொட்டடி என்று எழுதிவிட்டு நாம் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறோம். பேச ஆள் இல்லாமல், பகலும் இரவும் நான்கு சுவரையே பார்த்துக்கொண்டு, அக்கம் பக்கத்திலிருந்து வரும் ஓலத்தைக் கேட்டுக்கொண்டு மாதக் கணக்கில் இருப்பதென்றால் என்ன? உடம்பும் நரம்பும் தளர்ந்துதான் துர்காபாய் வெளியே வந்தார். ஆனால் சிறையில் வேறொன்றையும் அவர் பார்த்துவிட்டார். அரசியல் கைதிகளுக்கு ஊர் தெரியும், பத்திரிகை தெரியும், மாலை போடுகிற கூட்டம் வாசலில் காத்திருக்கும். மற்றப் பெண் கைதிகளுக்கு என்ன இருந்தது? எந்தக் குற்றத்துக்காகத் தங்களை அடைத்திருக்கிறார்கள் என்பதுகூடச் சரியாகத் தெரியாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். கோர்ட்டில் என்ன கேட்டார்கள், தாங்கள் என்ன பதில் சொன்னோம், எந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்தோம், ஒன்றும் தெரியாது. எழுத்து வாசனை இல்லாததால் சட்டம் அவர்களுக்கு இடி மின்னலைப் போல வானத்திலிருந்து விழுகிற ஒன்றாக இருந்தது.

இவர்களுக்காக வாதாட ஒரு பெண் வேண்டும் என்று துர்காபாய் நினைத்தார். நினைத்தவர் தம்மையே பார்த்துக்கொண்டார். வக்கீலாவதற்குப் பி.எல். வேண்டும். பி.எல். படிக்கப் பி.ஏ. வேண்டும். பி.ஏ.வுக்கு இன்டர்மீடியட். அதற்கு மெட்ரிகுலேஷன். அதுவும் இல்லை! பன்னிரண்டு வயதில் எந்த இங்கிலீஷ் வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தை விட்டாரோ, அந்த இங்கிலீஷ் இல்லாமல் அந்த நாள் கோர்ட்டுக்குள் கால் வைக்க முடியாது.

இந்த இடத்தில் சிறிது நிற்க வேண்டும். 1920-லும் 21-லும் தேசம் இளைஞர்களைப் பார்த்து, சர்க்கார் பள்ளிக்கூடங்களை விட்டு வெளியே வாருங்கள் என்று அழைத்தது. வந்தவர்கள் பலர். அவர்களில் எத்தனையோ பேர் படிப்பையும் இழந்து, உத்தியோகத்தையும் இழந்து, கதர்ச் சட்டையோடும் பழைய ஞாபகங்களோடும் வாழ்நாளைக் கழித்தார்கள். அவர்களைக் குறைத்துப் பேசுகிற உரிமை நமக்கு இல்லை. அப்படிப்பட்ட ஒரு சூழ்நிலையில் முன் வரிசையில் நின்ற ஒருவர் பின் வாங்கிப் பரீட்சைக்குப் படிக்கப் போனால் ஊர் என்ன நினைக்கும்? களைத்துவிட்டாள் என்று நினைக்கும்; பயந்துவிட்டாள் என்றும் நினைக்கும். 1934-இல் காந்தியடிகளே சட்டமறுப்பை நிறுத்தி வைத்து, தொண்டர்களைக் கிராமப் பணிக்கு அனுப்பினார் என்பது உண்மை. அதனால் துர்காபாய்க்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆனால் இயக்கம் ஓய்ந்ததால் மட்டும் அவர் படிக்கப் போனதாக எனக்குத் தோன்றவில்லை. பரீட்சை எழுதுவதும் சத்தியாக்கிரகத்தில் ஒரு வகைதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். என் அபிப்பிராயத்தில் அது சரியான முடிவு.

காசி ஹிந்து சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படித்து எழுதலாம். துர்காபாய் அப்படி எழுதித் தேறினார். பிறகு வால்டேரிலுள்ள ஆந்திர சர்வகலாசாலையில் அரசியல் விஞ்ஞானம் படிக்க விரும்பினார். அங்கே ஒரு தடை. பெண்களுக்கு விடுதி இல்லை. விடுதி இல்லாததால் பெண்கள் வருவதில்லை. பெண்கள் வராததால் விடுதி கட்டுவதில்லை. நம் தேசத்தில் பல காரியங்கள் இப்படித்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடுகின்றன. துர்காபாய் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்: விடுதி இல்லாத காரணத்தால் படிக்க முடியாமலிருக்கும் பெண்கள் தமக்கு எழுதலாம் என்று. பத்துப் பேர் அளவில் முன்வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டு தாமே ஒரு விடுதியைத் தொடங்கினார். துணைவேந்தர் ஸி.ஆர்.ரெட்டிக்கு அப்புறம் மறுத்துச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பட்டம் பெற்றபின் சென்னையில் சட்டம் படித்து, 1942-இல் தேறி, வக்கீல் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

இந்தப் படிப்புக்கு நடுவிலேயே இன்னொரு காரியமும் வளர்ந்துவிட்டது. மயிலாப்பூரில் அவர் இருந்தபோது அக்கம் பக்கத்துப் பெண் குழந்தைகள் ஹிந்தி படிக்க வந்தார்கள். பிறகு அவர்களுடைய அக்காமார்களும் அம்மாமார்களும் வந்தார்கள். அவர்களில் இளம் விதவைகள் உண்டு. கணவன் கைவிட்ட பெண்கள் உண்டு. கைவிடாவிட்டாலும் வீட்டில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. நீங்கள் எழுதித் தேறினீர்களே, அந்தக் காசிப் பரீட்சைக்கு எங்களையும் தயார் செய்யுங்கள் என்றார்கள். இவ்வளவுதான் 1937-இல் ஆரம்பமான ஆந்திர மகிளா சபை. வகுப்பு, பிறகு விடுதி, தையல், கைத்தொழில், "ஆந்திர மகிளா" என்று ஒரு மாதப் பத்திரிகை, பிரசவ ஆஸ்பத்திரி, தாதிப் பயிற்சி என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது எத்தனையோ தெலுங்கு ஸ்தாபனங்கள் பட்டணத்தை விட்டு மூட்டை கட்டின. இந்தச் சபை ஹைதராபாத்தில் பெரிய கிளை விட்டதே தவிர, சென்னையை விட்டுவிடவில்லை. அடையாற்றில் அதன் ஆஸ்பத்திரியில் பிறந்த தமிழ்க் குழந்தைகளுக்குக் கணக்கே இல்லை. அதன் அருகே ஓடும் சாலைக்கு இன்று துர்காபாய் தேஷ்முக் என்றுதான் பெயர்.

1946-இல் அரசியல் நிர்ணய சபைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து அவர் அங்கத்தினராகப் போனார். சபைக்குத் தலைமை வகிக்கிறவர்களின் வரிசையில் இருந்த ஒரே பெண் அவர்தான். ராஜ்ய சபைக்கு நிற்கிறவர்களுக்கு முப்பத்தைந்து வயதாகியிருக்க வேண்டும் என்று நகலில் இருந்ததை முப்பதாகக் குறைக்கத் திருத்தம் கொண்டுவந்து ஜயித்தார். அறிவு நரையோடுதான் வரும் என்பதை அவர் ஒப்பவில்லை.

பாஷைப் பிரச்னை வந்தபோது அவர் பேசியதை இன்று படித்தாலும் நியாயமாகவே இருக்கிறது. குழந்தைப் பருவத்திலிருந்து ஹிந்திக்காகப் பாடுபட்டவர் அவர். தென்னாட்டில் பெண்களுக்கு ஹிந்தி கற்பித்தவர். ஹிந்தியும் உருதுவும் கலந்த ஹிந்துஸ்தானியே பொது மொழியாக வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவரே 1949-இல் சபையில் எழுந்து, ஹிந்திக்காரர்கள் சிலர் செய்கிற வேகமான பிரசாரம் எங்களைத் திடுக்கிட வைக்கிறது, நாங்கள் விருப்பத்தோடு செய்து வந்த வேலையையே இது கெடுத்துவிடும் என்று எச்சரித்தார். ஹிந்தியே தெரியாத ஒருவர் சொன்னால் தள்ளிவிடலாம். ஹிந்தி வாத்தியாரம்மாவே சொன்னபோது கேட்டிருக்கலாம்.

1952-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் துர்காபாய் தோற்றுப் போனார். சிறை சென்ற தியாகமும், அரசியல் சட்டம் வகுத்த பெருமையும் வாக்குச் சீட்டாக மாறவில்லை. நேரு அவரைத் திட்டக் கமிஷனில் அங்கத்தினராக நியமித்தார். அங்கேதான் நிதி மந்திரி சிந்தாமணி தேஷ்முக்கோடு பழக்கம். ரிசர்வ் பாங்கின் முதல் இந்திய கவர்னராக இருந்தவர்; மனைவியை இழந்தவர்; சமஸ்கிருதப் பற்று மிக்கவர். 1953 ஜனவரியில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நேருவும் ஒருவர். எட்டு வயதில் யாரும் அவரைக் கேட்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில் தாமே யோசித்துச் சம்மதித்தார்.

அதே வருஷம் ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. முதல் தலைவி அவரே. நாடெங்கும் கைப்பணத்திலும் நன்கொடையிலும் உயிர் வைத்துக்கொண்டிருந்த மாதர் சங்கங்கள், அனாதை விடுதிகள் முதலியவற்றுக்குச் சர்க்கார் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வாரியத்தின் வேலை. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்காக 4 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள். இதில் ஒரு சங்கடமும் உண்டு. மானியம் வர ஆரம்பித்ததும் தொண்டர்களின் பாதி நேரம் கணக்கு எழுதுவதிலும் ரசீது ஒட்டுவதிலும் கழிந்துவிடுகிறது. கொடுக்கிற கை பெரியதானால் வாங்குகிற கை தானாக உழைக்க மறந்துவிடுகிறது. பல சங்கங்களுக்கு அப்படி நேர்ந்தது. அதற்காகப் பணமே கொடுத்திருக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

வாரியத்தின் காரியங்களில் என் மனசுக்கு மிகவும் பிடித்தது 1958-இல் தொடங்கிய சுருக்கப் படிப்புத் திட்டம். சிறு வயதில் பள்ளியை விட்ட பெண்கள், கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்கள், விதவைகள் இவர்களைச் சேர்த்து, பல வருஷப் பாடத்தை இரண்டு வருஷத்தில் முடித்துப் பரீட்சைக்கு அனுப்புவது. ஏன் இப்படி ஒரு திட்டம் என்றால், கிராமங்களுக்கு ஆசிரியைகளும் தாதிகளும் கிராம சேவிகைகளும் வேண்டியிருந்தது. பட்டணத்துப் படித்த பெண்கள் அங்கே போகத் தயங்கினார்கள். கிராமத்திலேயே இருந்த பெண்களுக்கோ உத்தியோகத்துக்கு வேண்டிய படிப்பு இல்லை. 1951 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லாம் வயது கடந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டியவர்கள்தானா? முப்பது வயதுப் பெண்ணை ஆறாம் வகுப்புக் குழந்தைகளோடு பெஞ்சியில் உட்கார வைக்க முடியாது. அவளுக்கென்று வேறு வகுப்பு, வேறு வேகம் வேண்டும். இதை எந்த நிபுணர் குழுவும் துர்காபாய்க்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இருபது வயதுக்கு மேல் முதல் பரீட்சைக்குப் படித்தவருக்கு அது தெரியும். மயிலாப்பூரில் அவர் நடத்திய வகுப்பைத்தான் இந்தியா முழுவதற்குமாக விரித்துப் போட்டார்.

அதே 1958-இல் பெண் கல்வியைப் பற்றி ஆராயச் சர்க்கார் அமைத்த தேசியக் குழுவுக்கு அவர் தலைவர். மறு வருஷம் அறிக்கை வந்தது. பெண் கல்வியை ஒரு தனிப் பிரச்னையாகக் கருதிப் பல வருஷங்களுக்கு விசேஷ கவனம் கொடுக்க வேண்டும், அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும், தேசியக் கவுன்சில் ஒன்று வேண்டும், கிராமத்துக்குப் போகிற ஆசிரியைகளுக்குத் தங்க வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லியிருந்தது. கடைசியில் சொன்ன யோசனை சின்ன விஷயமாகத் தெரியும். வால்டேரில் விடுதிக்காக விளம்பரம் செய்தவருக்கு அது சின்ன விஷயமல்ல. கவுன்சில் 1959-இலேயே அமைந்துவிட்டது. கிராமப்புறப் பெண் கல்விக்குப் பொதுமக்கள் ஆதரவு ஏன் குறைவாக இருக்கிறது என்று ஆராய 1963-இல் நம் எம்.பக்தவத்சலம் தலைமையில் ஒரு குழுவும் நியமிக்கப்பட்டது. வீடுகள் மட்டும் பல ஊர்களில் அறிக்கையிலேயே தங்கிவிட்டன.

1975-இல் தம்பதிகள் இருவருக்கும் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அவற்றையெல்லாம் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. முடிவு பெறாமல் நின்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். 1953-இல் சீனாவுக்குப் போய் வந்தபோது, கணவன் மனைவி வழக்குகளைத் தனியாக விசாரிக்கும் குடும்ப நீதிமன்றங்களை அங்கே அவர் கவனித்தார். இங்கேயும் அப்படி வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லத் தொடங்கினார். நேருவிடம் சொன்னார், நீதிபதிகளான சாக்ளாவிடமும் கஜேந்திரகட்கரிடமும் பேசினார். ஜீவனாம்சத்துக்காகவும் குழந்தைக்காகவும் வருகிற பெண் திருடர்களோடும் கொலைகாரர்களோடும் ஒரே வராந்தாவில் காத்துக் கிடக்க வேண்டாம், கறுப்புக் கோட்டுக்காரர்களின் குறுக்கு விசாரணையில் அவமானப்பட வேண்டாம் என்பது அவர் எண்ணம். அவரே கறுப்புக் கோட்டுப் போட்டவர் என்பதால் தெரிந்துதான் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். துர்காபாய் 1981 மே 9-ஆம் தேதி காலமானார். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இல் நிறைவேறியது.